ஆஸ்பெஸ்டாஸ்: எண்ணாத சாவு கணக்கில் வராது

மொட்டை மாடியில் ஒரு அறைக்குச் சீட் போடும் வேலையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. காலையில் மினி லாரியில் சாம்பல் நிறச் சீட்டுகள் வந்து இறங்கும். பத்து மணிக்குள் ஒருவர் கட்டிங் மெஷினைக் கையில் எடுப்பார். சீட்டின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தால், இரண்டே நிமிடத்தில் அவருடைய தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்துவிடும். மூக்கில் துண்டு கட்டியிருந்தால் அவர் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆள். பெரும்பாலும் அதுவும் இருக்காது. வேலை முடிந்ததும் அதே துண்டால் உடம்பைத் தட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, அதே சட்டையோடு வீட்டுக்குப் போவார். தரையில் கிடக்கும் தூளை அந்த வீட்டு அம்மா துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார்.

அந்தத் தூள் வெறும் சிமெண்ட் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் சுமார் பத்து சதவிகிதம் வரை கல்நார் கலந்திருக்கும். பாறையில் கிடைக்கும் நார் அது. எரியாது, மட்காது, துருப்பிடிக்காது. பஞ்சு போலப் பிரிக்கலாம், நூலாகத் திரிக்கலாம், சிமெண்டில் கலந்தால் கம்பி போலத் தாங்கும். இத்தனை நல்ல குணமும் ஒரே பொருளுக்கு இருந்ததால்தான் இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கப்பல், பாய்லர், பிரேக் லைனிங், கேஸ்கட், தண்ணீர்க் குழாய், கூரை என்று எல்லாவற்றிலும் அதைத் திணித்தார்கள். ஆனால் அதை அறுத்தால் நீளவாக்கில் பிளந்து பிளந்து கண்ணுக்குத் தெரியாத ஊசியாகும். நுரையீரலுக்குள் போனாலும் அது எரியாது, மட்காது.

இது ஆபத்து என்று யாராவது வாயைத் திறந்தால் தொழில்துறை ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறது. "நீலமும் பழுப்பும்தான் கெட்டவை, நாங்கள் பயன்படுத்துவது வெள்ளை. அதையும் கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்துகிறோம். இந்தியாவில் இதனால் செத்தவர்கள் எத்தனை பேர், கணக்கைக் காட்டுங்கள் பார்க்கலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதிலும் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதுதான் மோசடியிலெல்லாம் பெரிய மோசடி. அதற்குப் பிறகு வரலாம்.

முதலில் நுரையீரல். உள்ளே போன நாரை விழுங்கி அழிக்க நம் உடம்பின் காவல் செல்கள் ஓடி வரும். நார் செல்லைவிட நீளம். விழுங்க முடியாமல் செல் சாகும். இன்னொன்று வரும், அதுவும் சாகும். இந்தச் சண்டை நடக்கும் இடமெல்லாம் மெல்ல மெல்லத் தழும்பாகும். பஞ்சு போல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தோல் போல இறுகும். இதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு நடந்தால் வாங்கும், பிறகு உட்கார்ந்திருந்தாலே வாங்கும். மருந்து கிடையாது. இது போக நுரையீரல் புற்றுநோய். கல்நார்த் தூசியோடு பீடி, சிகரெட்டும் சேர்ந்துவிட்டால் இரண்டு ஆபத்தும் ஒன்றையொன்று பல மடங்கு பெருக்கும். கடைசியாக மீசோதீலியோமா. நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய். கல்நார் இல்லாவிட்டால் மிக மிக அபூர்வம். கண்டுபிடித்தபின் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வருஷம் தாண்டுவதில்லை.

இவை எதுவும் உடனே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். இருபத்தைந்து வயதில் சீட் அறுத்தவருக்கு அறுபதில் நெஞ்சில் நீர் கோக்கும். அந்த அறுபது வயதுக்காரர் தன் நோய்க்கும் என்றோ விட்டுவிட்ட வேலைக்கும் முடிச்சுப் போடுவாரா? அவரைப் பார்க்கும் டாக்டர்தான் போடுவாரா? இந்த இடைவெளிதான் கம்பெனிகளுக்குக் கிடைத்த வரம்.

இதெல்லாம் சமீபத்தில் தெரிந்த சமாசாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நூறு வருஷக் கதை. இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற பெண் பன்னிரண்டு வயதில் கல்நார் நூற்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1924-ல், முப்பத்து மூன்று வயதில் செத்துப்போனார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் வில்லியம் குக் அதே வருஷம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நோய்க்குப் பெயரும் பிறகு அவரே வைத்தார். வேலை கொடுத்த டர்னர் கம்பெனி நோய்க்கும் பணம் தரவில்லை, அடக்கச் செலவுக்கும் தரவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்களாம்!

1930-ல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு அரசு அதிகாரிகள் கல்நார் ஆலைகளில் 363 தொழிலாளர்களைச் சோதித்த அறிக்கையைக் கொடுத்தார்கள். நான்கில் ஒருவருக்கு நுரையீரலில் தழும்பு. அடுத்த வருஷமே பிரிட்டன் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். விதி ஆலைக்கு மட்டும்தான். ஆலையிலிருந்து வெளியே போன கல்நாரைக் கப்பலுக்குள் உட்கார்ந்து குழாயில் சுற்றியவர்களுக்கும், கட்டடத்தில் பலகையை அறுத்தவர்களுக்கும் அந்த விதியில் இடமில்லை. பிற்பாடு அந்த நாட்டில் மீசோதீலியோமாவால் செத்தவர்களில் பெரும் பங்கு இப்படி வெளியே வேலை செய்த தச்சர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கப்பல் தொழிலாளிகள்தான். 1931-ல் பிரிட்டன் செய்த இந்தத் தப்பைத்தான் 'கட்டுப்பாடான பயன்பாடு' என்று புதுச் சட்டை போட்டு இன்றைக்கும் இந்தியாவில் விற்கிறார்கள்.

அமெரிக்கக் கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே. 1935-ல் ரேபெஸ்டாஸ் மன்ஹாட்டன் கம்பெனியின் தலைவர் சம்னர் சிம்சன், போட்டிக் கம்பெனியான ஜான்ஸ் மான்வில்லின் வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். கல்நார் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது என்பது சாரம். வியாபாரத்தில் அடித்துக்கொண்டவர்கள், வாயை மூடிக்கொள்வதில் மட்டும் ஒற்றுமை. அந்தக் கடிதங்கள் 1970-களில் வழக்குகளின்போதுதான் வெளியே வந்தன. அதற்குள் ஒரு தலைமுறையே உலகப்போர்க் கப்பல்களுக்குள் கல்நார் சுற்றி முடித்திருந்தது.

1955-ல் ரிச்சர்ட் டால் அதே ராச்டேல் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு என்று காட்டினார். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் மீசோதீலியோமாவுக்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். 1965-ல் லண்டன் ஆராய்ச்சி ஒன்று இன்னும் கொடுமையான ஒன்றைச் சொன்னது. ஆலைப்பக்கமே போகாத சில பெண்களுக்கும் நோய் வந்திருந்தது. கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

சரி, 'எங்களுடையது வெள்ளை' என்கிறார்களே, அது? அதில் ஒரு துளி உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மீசோதீலியோமாவை உண்டாக்குவதில் நீலமும் பழுப்பும் வெள்ளையைவிட வீரியமானவை. ஆனால் கிரைசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நாரும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும், மீசோதீலியோமாவையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும், வெள்ளை உட்பட, மனிதனுக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. நல்ல பாம்பைவிடக் கட்டுவிரியனுக்கு விஷம் அதிகம் என்று நிரூபித்துவிட்டு நல்ல பாம்பை யாராவது தொட்டிலில் விடுவார்களா?

இப்போது அந்தக் கணக்குக்கு வரலாம். பிரிட்டன் 1999-ல் கல்நாரை முற்றிலும் தடை செய்தது. தடை செய்து இருபது வருஷம் தாண்டியும் அங்கே ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதீலியோமாவால் மட்டும் சாகிறார்கள். ஏழு கோடிக்கும் குறைவான மக்கள் உள்ள நாடு. ஒவ்வொரு சாவையும் பதிவு செய்கிறார்கள், செத்தவர் என்ன வேலை பார்த்தார் என்றும் எழுதிவைக்கிறார்கள். உலக அளவில் வேலையிடத்துக் கல்நாரால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பிரிட்டனைப்போல இருபது மடங்கு ஜனத்தொகை, ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கல்நார் இறக்குமதி செய்து உலகத்திலேயே முன்னணியில் நிற்கும் நாடு இந்தியா. இங்கே மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். நம்மவர்களின் நுரையீரல் என்ன எஃகா?

ஆகாமல் இல்லை, எண்ணவில்லை. புற்றுநோய்ப் பதிவேடுகள் நாட்டின் மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கின்றன. மீசோதீலியோமாவை உறுதி செய்யத் திசு எடுத்துத் தனிப்பட்ட சோதனைகள் செய்ய வேண்டும். அதற்கு வசதியுள்ள ஆஸ்பத்திரி வரை ஒரு கொத்தனார் போய்ச் சேருவதே பெரும்பாடு. நெஞ்சில் நீர், இருமல், உடல் மெலிவு என்று வருபவரைப் பார்த்ததும் டி.பி. என்று நினைப்பது இந்த நாட்டில் இயல்பு. தூசியால் வரும் நுரையீரல் நோய்களை டி.பி. என்று எழுதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த கதை கல்குவாரிகளில் எத்தனையோ உண்டு. இறப்புச் சான்றிதழில் "மாரடைப்பு" என்றோ "மூச்சுத்திணறல்" என்றோ ஒரு சொல். முடிந்தது. எண்ண வேண்டியவர்களே எண்ணாமல் விட்டுவிட்டு, "எங்கே கணக்கு?" என்று கேட்பது பரீட்சையே வைக்காமல் யாரும் ஃபெயில் ஆகவில்லை என்று பெருமையடிக்கும் பள்ளிக்கூடம் மாதிரி.

எண்ணச் சொல்லி உத்தரவே இருக்கிறது என்பது இதைவிட வேடிக்கை. ஒரு நுகர்வோர் அமைப்பு 1986-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது நாற்பது வருஷம் பாதுகாக்க வேண்டும், நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடு என்றது. அந்த நாற்பதுக்குக் காரணம் நோய் வர ஆகும் காலம்தான். நீதிபதிகளுக்குப் புரிந்திருக்கிறது.

அப்புறம்? பதிவு வைக்க வேண்டியது ஆலை. ஆலையின் சம்பளப் பட்டியலில் இருப்பவருக்குத்தான் பதிவு. அங்கே கல்நார் மூட்டையை மூடிய இயந்திரத்துக்குள் பிரித்து, நனைத்துக் கலப்பதால் தூசி குறைவு என்று சுற்றிக் காட்டுவார்கள். அது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு சீட்டின் வாழ்க்கையில் ஆலைக்குள் கழிவது சில வாரம். மீதி முப்பது நாற்பது வருஷம் அது வெளியேதான் இருக்கிறது. ஏற்றி இறக்குபவர், அறுப்பவர், ஜே போல்ட்டுக்கு ஓட்டை போடுபவர், புயலில் உடைந்ததைப் பொறுக்குபவர், பழசைச் சுத்தியலால் அடித்து இறக்குபவர். இவர்களில் யார் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தாலும், எந்தச் சீட்டை எத்தனை வருஷம் அறுத்தார் என்று அதில் எழுத இடமில்லை. தூசி கிளம்பும் இடத்தில் கட்டுப்பாடு இல்லை, கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் தூசி குறைவு.

எண்ணிப் பார்த்த சில இடங்களில் என்ன தெரிந்தது என்பதற்கு குஜராத்தின் அலங் ஒரு சாட்சி. உலகத்தின் கிழட்டுக் கப்பல்கள் உடைபட வரும் கடற்கரை அது. 2006-ல் உச்ச நீதிமன்றத்துக்காக நிபுணர் குழு கொடுத்த அறிக்கையில், சோதிக்கப்பட்ட கல்நார் கையாளும் தொழிலாளர்களில் 16 சதவிகிதம் பேருக்கு ஆஸ்பெஸ்டோசிஸின் ஆரம்ப அறிகுறி தெரிந்தது. நூறு பேரில் பதினாறு! அதே வருஷம்தான் கிளமென்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் கல்நாரோடு அலங் நோக்கி வந்து, உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்து, அந்நாட்டு அதிபர் சிராக் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டார். கடைசியில் அது இங்கிலாந்தில் முறையாக உடைக்கப்பட்டது. கிளமென்சோ பத்திரிகையில் வந்ததால் திரும்பிப் போனது. பத்திரிகையில் வராத கப்பல்கள் எல்லாம் அலங்குக்கு வந்து உடைந்தன.

நாற்பது வருஷ இடைவெளி சட்டத்தையும் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இத்தாலியைப் பார்க்கலாம். கசாலே மொன்ஃபெராடோ என்ற ஊரில் ஒரு பெரிய கல்நார் சிமெண்ட் ஆலை 1986-ல் மூடப்பட்டது. ஆலையில் கால் வைக்காத ஊர்க்காரர்கள்கூட அதற்குப் பிறகும் செத்துக்கொண்டே இருந்தார்கள். 2012-ல் கீழ்க்கோர்ட் ஆலையின் சுவிஸ் முதலாளிக்குப் பதினாறு வருஷ சிறைத்தண்டனை கொடுத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏன்? ஆலை மூடிய 1986-லிருந்து கணக்குப் போட்டால் வழக்குக்கான காலக்கெடு தாண்டிவிட்டதாம். நோய் அந்தக் காலக்கெடுவைப் பார்த்து வரவில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் நிச்சயம் வரும். "ஏழைக்கு வேறு என்ன கூரை இருக்கிறது? ஓலை எரிகிறது, ஓடு விலை, கான்கிரீட் கனவு." இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஓலைக் குடிசையிலிருந்து சீட்டுக்கு மாறிய குடும்பத்துக்கு அது ஒரு படி ஏற்றம்தான். ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லிப் பேசுகிற அதே தொழில், கல்நாருக்குப் பதில் பி.வி.ஏ. நாரும் செல்லுலோஸ் நாரும் கலந்து அதே மாதிரி சீட் செய்ய முடியும் என்பதை மட்டும் சொல்லாது. கல்நாரைத் தடை செய்த அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள் மரத்தடியிலா தூங்குகிறார்கள்? கல்நார் சீட் மலிவாக இருப்பது, அறுப்பவரின் ஆஸ்பத்திரிச் செலவு அதன் விலையில் சேராததால். அந்தச் செலவைக் கட்டுவதும் ஏழைதான், இருபது முப்பது வருஷம் கழித்து.

விற்கிறவர்களின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கனடா பல வருஷம் தன் வீட்டில் கல்நாரை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, பள்ளிகளிலிருந்தும் அரசுக் கட்டடங்களிலிருந்தும் பணம் செலவழித்து அகற்றிக்கொண்டே, சுரங்கத்திலிருந்து எடுத்ததை இந்தியாவுக்கு அனுப்பியது. 2011-ல்தான் சுரங்கங்கள் நின்றன, 2018-ல் தடை வந்தது. கியூபெக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் கொண்ட ஊர் 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. பிரேசிலில் 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2019-ல் ஒரு மாநிலம் ஏற்றுமதிக்காக மட்டும் தோண்டலாம் என்று சட்டம் போட்டது. தன் மக்களுக்கு ஆகாதது அடுத்தவர்களுக்கு ஆகும். இந்தியாவை மட்டும் சும்மா விடுவானேன்? கல்நார் தோண்டப் புதிய குத்தகை கிடையாது என்று 1986-லும், பழையதைப் புதுப்பிப்பதில்லை என்று 1993-லும் இந்தியா முடிவு செய்தது, ஆபத்து என்று தெரிந்துதான். தோண்டுவது ஆபத்து, வாங்கி அறுப்பது ஆபத்தில்லை!

ராட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. அபாயகரமான பொருள்களின் பட்டியல் அது. பட்டியலில் சேர்த்தால் தடை என்று அர்த்தமில்லை. விற்பவர் வாங்கும் நாட்டுக்கு ஆபத்தைச் சொல்லிவிட்டுச் சம்மதம் வாங்கி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைக் கல்நாரை அதில் சேர்க்க 2006 முதல் மாநாட்டுக்கு மாநாடு முயற்சி நடந்தது. அந்தச் சின்ன எச்சரிக்கைச் சீட்டைக்கூட ஒட்ட விடாமல் சில நாடுகள் தடுத்தன. 2011-ல் ஜெனீவாவில் இந்தியா திடீரென்று "சேர்க்கலாம்" என்றபோது அரங்கமே கைதட்டியது. 2013-ல் அதே இந்தியா மறுபடி "வேண்டாம்" என்றது. இடையில் கல்நார் மாறிவிட்டதா, நுரையீரல் மாறிவிட்டதா?

வேண்டாம் என்று சொல்ல நினைத்த ஒரு பக்கத்து நாட்டுக்கு என்ன ஆனது என்பதும் தெரிய வேண்டியது. இலங்கை 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024-க்குள் முழுதாக நிறுத்தத் திட்டமிட்டது. 2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து போன தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை உள்ளிட்ட விளைபொருள்களைத் தற்காலிகமாக நிறுத்தியது. இலங்கைத் தேயிலையைப் பெரிய அளவில் வாங்கும் நாடு ரஷ்யா, இலங்கைக்குக் கல்நார் விற்பதும் ரஷ்யா. சில நாளிலேயே கொழும்பு கல்நார்த் தடையைத் தள்ளிப்போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. வண்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தேயிலையைக் கிள்ளும் மலையகத் தமிழர்களையும் யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய பிழைப்பைப் பணயமாக வைத்துத்தான் இந்தப் பேரம் நடந்தது.

தடை என்றைக்கு வருமோ, இந்த வாரமும் எங்கோ ஒரு மாடியில் சீட் அறுபடத்தான் போகிறது. அறுப்பவரிடம் யாராவது சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. மெஷின் வேண்டாம், நன்றாக நனைத்துவிட்டுக் கைரம்பத்தால் அறுத்தால் தூசி பெருமளவு குறையும். துண்டும் துணி மாஸ்க்கும் கல்நாரைத் தடுக்காது, நுண்தூசிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பிரேக் டிரம்மைக் கம்ப்ரெஸர் காற்றால் ஊதும் மெக்கானிக்குக்கும் இதேதான். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறக் கூடாது, மற்ற துணியோடு போடக் கூடாது. கூரையில் உடையாமல் கிடக்கும் சீட்டைச் சுரண்டவோ கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ வேண்டாம், அப்படியே விட்டால் ஆபத்து குறைவு. உடைந்த துண்டுகளைத் தெருப்பள்ளத்தில் போட்டு மூடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும், வண்டி ஏறி ஏறி அவை தூளாகும். எந்த வருஷம் எங்கே இந்த வேலை பார்த்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, எப்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாலும் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆலைக்காரர்களுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன நாற்பது வருஷப் பதிவை மாடியில் நிற்பவர் தானேதான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.